பாஸ்கலின் குரல் ஊர் சுற்றிய வருஷம்

பாஸ்கலுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்த மறுநாள், அவருடைய குரல் புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி, டவுன் பஸ் ஏறி, ஏம்பலத்துக்கு வந்து சேர்ந்தது. டிக்கெட் கேட்டபோது உறுமிய குரலுக்கு ஆள் இல்லாததைக் கண்டக்டர் கவனித்தார். கூட்ட நேரம் என்பதால் பெரிதுபடுத்தவில்லை. இறங்கிய குரல் வீட்டுக்கு வராமல் நேராக அவருடைய கரும்புக் கொல்லைக்குப் போய், தண்ணீர் மோட்டார் கொட்டகையில் தங்கிவிட்டது. ஏன் அங்கே என்று ஊரில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். மனைவி செலின் மேரிக்கு மட்டும் காரணம் தெரியும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மனுஷன் கடைசியாகக் கேட்டது, "மோட்டார ஆஃப் பண்ணிட்டு வந்தியா?" என்பதைத்தான். குரல் அதைப் பார்க்கப் போயிருந்தது.

அந்த வாசலில் அவள் எதிர்பார்த்தது வேறு. கல்யாணத்தன்று கோயிலில், சாமியார் சொல்லச் சொல்ல, "செலின் மேரி ஆகிய உன்னை" என்று பாஸ்கல் அவள் பெயரை ஒரே ஒரு முறை சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு இந்தா, ஏய். பிள்ளை பிறந்தபின் லியோம்மா. புருஷன் பெயரைப் பெண்டாட்டியோ பெண்டாட்டி பெயரைப் புருஷனோ சொல்லும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை, அவளும் அதைக் குறையாக நினைத்ததில்லை. குரல் போகப்போகிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், அதற்குள் இன்னொரு முறை கேட்டுவிட வேண்டும் என்று ஆசை வந்தது. அவர் மோட்டாரைப் பற்றிக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

வார்த்தைகள் பாஸ்கலின் உதட்டிலேயே நின்றுவிட்டன. கொட்டகையில் இருந்தது வெறும் குரல், வார்த்தையில்லாத உறுமல். மகன் லியோ பிரகாஷும், டிரம்ஸ் அடிக்கும் வீரமணியும், பேஸ் கிட்டார் வாசிக்கும் பண்டசோழநல்லூர் அர்ச்சனாவும் அந்தக் கொட்டகையில்தான் ஹெவி மெட்டல் பழகினார்கள். சத்தம் தாங்காமல் ஊருக்குள் எல்லா இடத்திலும் விரட்டப்பட்டவர்கள்; கரும்பு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பேண்டுக்கு 'சாம்பல் புதன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மோட்டார்தான் உறுமுகிறது என்று நினைத்து அதை நிறுத்திப் பார்த்தார்கள், உறுமல் நிற்கவில்லை. லியோ மைக் முன்னால் வாயைத் திறந்தபோது குரல் பழகிய இடம்போல உள்ளே புகுந்துகொண்டது. "உங்கப்பாடா அது. இனி நம்மளயும் திட்டுவாரு" என்றான் வீரமணி.

அங்கேயே பதிவு செய்த ஆல்பத்துக்கு 'த்ரீ ஃபேஸ்' என்று பெயர். முதலில் தலைமுடி வளர்த்தவர்கள் மட்டும் கேட்டார்கள். பிறகு ஷேர் ஆட்டோவில் வந்தது, கல்யாண ரிசப்ஷனில் வந்தது, பாகூரில் காதுகுத்துக்கு மைக்செட்டில் வந்தது. அதைக் கேட்டால் வில்லியனூர் சாலையில் கரும்பு லாரிகள் தாமாக ஓரம் கட்டின. அந்தக் குரலிடம் திட்டு வாங்காத டிரைவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. இவ்வளவு கனமான குரல் எப்படி வந்தது என்று டி.வி.யில் கேட்டபோது, "அப்பாவோடது" என்று லியோ உள்ளதைச் சொன்னான். பிள்ளைக்கு எவ்வளவு பணிவு என்று எல்லாரும் பாராட்டினார்கள். செலின் மேரி எந்த டீக்கடையில் பாட்டு ஓடினாலும் முடியும்வரை நின்று கேட்டாள். அதில் ஒரு வார்த்தையும் இல்லை, அவள் பெயர் எங்கே வரப்போகிறது.

பெரிய மேடைகளுக்குக் கூப்பிட்டார்கள். வேன் கிளம்பியபோது குரல் தானாகவே ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. வாழ்நாளெல்லாம் கரும்பையும் லாரிக்காரனையும் அதட்டிய குரலுக்கு, ஆயிரக்கணக்கானோர் கைதட்டுவது பிடித்துப்போயிற்று. ஊர் திரும்பவே இல்லை. இங்கே பாஸ்கல் சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டு, கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இளைக்க இளைக்க அங்கே குரலும் தேய்ந்தது. ஒருநாள் லியோ பெங்களூரிலிருந்து போன் செய்தான்.

"யம்மா, அப்பா கொரலு கம்மிப்போச்சும்மா. இப்டியே போனா மிஞ்சாது. நான் சொன்னா வரமாட்டுது, நீ கூப்புடு."

"நான் இன்னான்னுடா கூப்புடுவேன்?" என்றாள் செலின் மேரி. பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வாய் வராது. அன்று அவள் அழுதாள்.

மறுநாள் சாயங்காலப் பூசை முடிந்ததும் கொல்லைக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். முந்தின வாரம்தான் நல்ல மழை. தண்ணீர் கரும்பை மூழ்கடித்து, வாய்க்காலைத் தாண்டி, ரோட்டுக்கு வந்தது. "இன்னாம்மா இது, தண்ணி வீணா போவுதே" என்று ஓடிவந்தார் வீரமணியின் அப்பா பச்சையப்பன். "ஓடட்டும்ணா" என்றாள் அவள்.

பெங்களூர் மேடையில் பாதிப் பாட்டில் குரல் எழுந்து போய்விட்டது. லியோவுக்கு விஷயம் புரிந்து சிரிப்பு வந்தது. மீதியைத் தன் சொந்த மெல்லிய குரலில் பாடினான், கூட்டமும் கூடவே பாடியது. அதே நேரத்தில் ஏம்பலத்தில், தண்ணீர் ரோட்டில் ஓடும் சேதி கேட்ட பாஸ்கல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடிவந்து, கோபத்தில் உதட்டை அசைத்தபடி நின்றார். கரும்புத் தோகைகள் மேற்கிலிருந்து வரிசையாகச் சாய்ந்தன. குரலும் வார்த்தையும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன. ஊர் ஊராகச் சுற்றியதில் குரலுக்குக் கூச்சம் விட்டுப்போயிருந்தது.

"செலின் மேரி, மோட்டார ஆஃப் பண்ணு."

அவள் திரும்பாமல், "இன்னாங்க, காதுல வுழல" என்றாள். அவர் இன்னொரு முறை கூப்பிட்டார்.

குரல் இப்போது கொட்டகையில்தான் இருக்கிறது. பேச ஏதாவது இருந்தால் பாஸ்கல் அங்கே போய்ப் பேசிவிட்டு வருகிறார். சாம்பல் புதனின் அடுத்த ஆல்பத்தை லியோ தன் குரலிலேயே பாடினான், அதுவும் நன்றாகவே ஓடுகிறது. அந்தக் கொல்லையில் மட்டும் கரும்புக்கு எப்போதும் கொஞ்சம் தண்ணீர் அதிகம். முதல் கூப்பாட்டுக்குச் செலின் மேரி எழுந்திருப்பதில்லை.