முள் சிவப்பில் நின்ற கால் மணி நேரம்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. ஒரு அக்கா, ஒரு தம்பி, அவர்களுக்கு நடுவில் ஒரு பழைய கார். கேட்டு முடிக்கும்போது உங்களுக்கு யார் முகமாவது ஞாபகம் வந்தால், வீட்டுக்குப் போகிற வழியில் அவர்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். அதற்காகத்தான் சொல்கிறேன்.

காலை ஏழே காலுக்கு அந்தச் சாம்பல் நிறக் கார் தெருமுனையில் வந்து நிற்கும். ஏழு பேர் உட்காரக்கூடிய வண்டி. ஓட்டுகிறவள் நாற்பத்தெட்டு வயதுப் பெண். பள்ளிக்கூடத்துக்கு ஆறு பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டு, மாலையில் திரும்பக் கொண்டுவருவதுதான் அவளுடைய பிழைப்பு. பிள்ளைகள் அவளை "வண்டி அத்தை" என்பார்கள்.

"பெல்ட் போடாத மகராசா யாருப்பா? வண்டி கிளம்பாது, சொல்லிட்டேன்!"

"அத்தை, இவன் ஷூ போடாமலே வந்துட்டான்!"

"போடா, போய்ப் போட்டுக்கிட்டு வா. செருப்போட போனா வாத்தியார் என்னைத்தான் திட்டுவார்."

பன்னிரண்டு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவளுக்குப் போன் செய்துகூட விசாரித்ததில்லை. அவள் வண்டியில் ஏற்றிவிட்டால் பிள்ளை போய்ச் சேர்ந்த மாதிரிதான். கணவன் இறந்தபோது வந்த பணத்தில் வாங்கிய கார் அது. குழந்தை இல்லை. இருந்ததெல்லாம் தன்னைவிட ஒன்பது வயது இளைய தம்பி ஒருத்தன். அம்மாவுக்கு ஐம்பது வயதிலேயே ஞாபகம் தப்பிப் போக, அவனை வளர்த்து ஆளாக்கிக் கல்யாணமும் செய்து வைத்தவள் இந்த அக்காதான்.

தம்பி பிரிட்ஜ் விற்கிற கடையில் விற்பனையாளன். வாய் ஜாலக்காரன், ஆனால் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் வந்தான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதானே நிக்குது?"

"சும்மா நிக்கலடா, லீவுல இருக்கு. ஆறு நாள் உழைச்ச வண்டிக்கு ஒரு நாள் ஓய்வு வேணாமா?"

"ஒரே ஒரு நாள்க்கா. மாமனார் வீட்டு ஆளுங்களோட ஒரு கல்யாணத்துக்குப் போகணும்."

"எடுத்துட்டுப் போ. மேட்டுல ரொம்ப மிதிக்காதே, அவ்வளவுதான்."

அவன் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. போன மாதம் மாமனார், "வண்டி உங்களோடதா மாப்ள?" என்று கேட்டபோது அவன் தலையை ஆட்டிவிட்டான். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

ஞாயிறன்று மேட்டுச் சாலையில் பாதி ஏறும்போது, வண்டியின் சூட்டைக் காட்டுகிற முள் எழும்பியது. பின்சீட்டிலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார்.

"மாப்ள, அந்த முள்ளு என்ன, சிவப்புல போய் நிக்குது?"

"பழைய வண்டி மாமா. அது அப்படித்தான் காட்டும்."

மனைவி அவன் கையை மெல்லத் தொட்டாள். "கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"சும்மா இரு."

நிறுத்தலாம்தான். நிறுத்தினால் முன்மூடியைத் திறக்க வேண்டும். எந்தக் கொக்கியை இழுத்தால் அது திறக்கும் என்று அவனுக்குத் தெரியாது. சொந்த வண்டிக்காரனுக்கு அதுகூடத் தெரியாதா என்று மாமனார் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து, முள் சிவப்பில் நிற்க, கால் மணி நேரம் ஓட்டினான்.

மண்டபத்து வாசலில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, அங்கிருந்த வேறொரு டிரைவரைக் கூப்பிட்டுத் திறந்து பார்த்தான். குப்பென்று ஆவி கிளம்பியது. ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றிய அந்த டிரைவர், "அண்ணே, வண்டி நல்லா சூடு பட்டிருக்கு. ஊருக்குப் போனதும் மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க" என்றார். சரி சரி என்று தலையாட்டினான். தலையாட்டுவது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் வண்டியைக் கழுவித் துடைத்து, பெட்ரோலை முழுக்க நிரப்பிக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"எதுக்குடா முழுசா ரொப்பின? ஊதாரி!"

"உன் வண்டிக்குப் போடாம யாருக்குப் போடப் போறேன்?"

"வழியில ஒண்ணும் தொந்தரவு குடுக்கலையே?"

இந்த இடம்தான், கண்ணுகளா. இங்கே ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். அக்கா சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவன் சொன்னான்: "சேச்சே, தங்கமான வண்டி."

வியாழக்கிழமை காலை, ஆறு பிள்ளைகளும் உள்ளே இருக்க, நடுச்சாலையில் கார் வெள்ளைப் புகையைக் கக்கி நின்றது. "அத்தை, வண்டி மேகம் விடுது!" என்று ஒரு வாண்டு கைதட்டியது. அவள் பிள்ளைகளை இறக்கி, நடைபாதையில் வரிசையாக நிறுத்தி, தலைகளை எண்ணினாள். ஆறு. மறுபடியும் எண்ணினாள்.

மெக்கானிக் பட்டறைக்குத் தம்பியும் ஓடி வந்திருந்தான். மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தபடி சொன்னான்:

"இன்ஜினுக்குத் தண்ணி போற ஹோஸ் பைப்புல ஒரு சின்ன ஓட்டைக்கா. அதுவா பெரிசில்ல. தண்ணி எல்லாம் போன பிறகும் வண்டியை ஓட்டியிருக்கீங்க. சூட்டுல இன்ஜினோட மேல்மூடி, அதான் ஹெட்டு, வளைஞ்சு போச்சு. இன்ஜினை இறக்கணும்."

"நானா? முள்ளு ஏறினா நான் பார்க்காம இருப்பேனா?"

"பார்த்திருந்தா இப்படி ஆகாதேக்கா. வேற யாராவது எடுத்தாங்களா?"

"ஞாயித்துக்கிழமை என் தம்பி எடுத்தான். ஆனா ஏதாவது ஆயிருந்தா அவன் சொல்லியிருப்பானே. அவன் என்கிட்ட மறைக்க மாட்டான்."

தம்பி அங்கே சாய்த்து வைத்திருந்த ஒரு டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப நான்தான் கவனிக்கல போல" என்றாள் அக்கா. சொன்ன பிறகு அவள் முகம் மாறிப்போயிற்று.

செலவு அவளுடைய ஏழு மாத வருமானம். இரண்டு வருடமாக இடது பக்கம் நான்கு பல் சொத்தையாகி ஒரு பக்கமாகவே மென்று கொண்டிருந்தாள்; நல்லபடியாகப் பல்லைக் கட்டிக்கொள்ள என்று சிறுகச் சிறுகச் சேர்த்திருந்தாள். அது முழுவதும் பட்டறைக்குப் போயிற்று. போதாததற்கு இரண்டு வளையல்களும் போயின. பல்லைக் கட்டுவதற்குப் பதில், பிடுங்கினால் காசு குறைவு என்று, நான்கையும் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

தம்பி ஒரு மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பல் பிடுங்கிய வாயால் குழறியபடி, "எனக்குப் பிள்ளை இல்லைன்னு எவன் சொன்னான்?" என்றாள். அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

"சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது? செலவு செஞ்சாச்சு. நான் வேற வழியில கொடுத்துத் தீர்த்துடறேன்."

பணத்தால் தீருகிற காரியம் என்றுதான் அவன் நினைத்தான். அக்காவின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பது அவனுக்குத் தெரியாது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, மறுபடி போய்ப் பார்த்து, மூன்றாம் முறையும் பார்க்க ஆரம்பித்தாள். தெருமுனை வரை போய்விட்டு, வீட்டைப் பூட்டினோமா என்று திரும்பி வந்தாள். ஒருநாள் தம்பியிடமே கேட்டாள்:

"அம்மாவுக்கு எப்படிடா ஆரம்பிச்சுது? பாலை அடுப்புல வச்சுட்டு மறந்தாங்களே, அதுதானே முதல்ல?"

"ஏன்க்கா இப்ப அது?"

"சும்மா கேட்டேன். அவ்வளவு பெரிய முள்ளு கண்ணு முன்னாடி சிவப்புல நின்னிருக்கு. எனக்குத் தெரியலையே."

அவன் அன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் சொல்லாத ஒன்றை நான்காவது வாரம் சொல்வது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கும். மனித மனசு அப்படித்தான்.

வண்டி சரியாகி வந்தது. ஆனால் இந்த அக்கா பழைய அக்கா இல்லை. சாலையைப் பார்க்க வேண்டிய கண் முள்ளையே பார்த்தது. ஒரு காலை, முள்ளைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள், சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் வண்டியில் உரசிக் கீழே விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். "பரவாயில்லம்மா, நீங்க போங்க" என்று அவரே சொன்னார். ஆனால் அவள் வண்டியை ஓரம் கட்டி, பிள்ளைகளை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, அன்று மாலையே ஒவ்வொரு வீடாகப் போனாள்.

"வேற வண்டி பார்த்துக்கோங்கம்மா. எனக்கு முன்ன மாதிரி கவனம் இல்ல. உங்க பிள்ளைங்களை வச்சு நான் பரீட்சை பார்க்கக் கூடாது."

ஒரு மாதம் கழித்து, ஒரு விடுதிச் சமையற்கட்டில் பாத்திரம் துலக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். காரை விற்றுவிடுவது என்று முடிவு செய்து தம்பியைத் துணைக்கு அழைத்தாள். அவனையே ஓட்டச் சொல்லி, தான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

பழைய கார்களை வாங்கி விற்பவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்ஜின் இறக்கின வண்டியாம்மா? என்ன ஆச்சு?"

"வண்டி மேல ஒரு தப்பும் இல்லைங்க" என்றாள் அக்கா. "ஓட்டினவ மேலதான் தப்பு. எனக்கு ஞாபகம் குறைஞ்சுக்கிட்டு வருது. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான். வாங்கறவங்ககிட்ட சொல்லிடுங்க, வண்டியைக் குறை சொல்லக் கூடாது."

யாரோ ஒரு அந்நியரிடம், தலை குனிந்து, ஒரு குற்றவாளி வாக்குமூலம் கொடுப்பது போல அவள் அதைச் சொன்னாள். தம்பியால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான்தான்."

"என்னடா?"

"அந்த ஞாயித்துக்கிழமை. மேட்டுல. முள்ளு சிவப்புக்குப் போச்சு. நான் நிறுத்தல."

"எவ்வளவு நேரம் ஓட்டின?"

"கால் மணி நேரம்."

"ஏன்டா நிறுத்தல?"

"மாமனார்கிட்ட என் வண்டின்னு சொல்லியிருந்தேன்."

கார் வாங்குகிறவர் மெதுவாக உள்ளே போய்விட்டார். அக்கா தம்பியின் கையிலிருந்து சாவியை வாங்கினாள். ஏறி உட்கார்ந்து, கடை இருந்த குறுகலான சந்தில் பின்பக்கமாகவே வண்டியை வெளியே எடுத்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரே வீச்சில் கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கும்போது அவள் கண் நிறைந்திருந்தது. உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். பிள்ளைகள் எல்லாம் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். வெறும் காரை வைத்துக்கொண்டு அவளால் என்ன செய்ய முடியும்?

பேருந்து நிறுத்தத்தில் அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துடறேன்க்கா. மாசாமாசம். பல்லும் கட்டிடலாம்."

"குடு, வாங்கிக்கறேன். வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் வசதியானவ இல்ல." அவள் குரல் உயரவில்லை. "அன்னிக்கு வந்து நடந்ததைச் சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டியிருப்பேன். காலையில முதல் வேலையா வண்டியைப் பட்டறையில விட்டிருப்பேன். பிள்ளைங்களை ஏத்தி நடுரோட்டுல நின்னிருக்க மாட்டேன். செலவு ஆயிருக்கும்தான், ரெண்டு பேருமா கட்டியிருப்போம். நாலு மாசம்டா. நாலு மாசமா என் தலைக்குள்ள நான் அம்மாவைத் தேடிக்கிட்டு இருந்தேன். நீ எதிர்லதான் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்த."

"மன்னிச்சுடுக்கா."

"பெட்ரோலை ரொப்பிட்டா கணக்குச் சரின்னு நினைச்சுட்ட. இரவல் வாங்கினா பொருளை மட்டும் திருப்பிக் கொடுத்தா பத்தாதுடா, நடந்ததையும் சேர்த்துக் கொடுக்கணும். நீ சொல்லாம விட்டா அந்தத் தப்பு எங்கயும் காணாமப் போயிடாது. ஒண்ணுமே செய்யாதவ தலையில போய் உட்காரும்."

பேருந்து வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவன் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் இறங்குகிற இடம் வரை நின்றபடியே வந்தான்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலுக்குத் திரும்பி வருகிற ஒவ்வொருவரும், நடந்தது நல்லதோ கெட்டதோ, வாய்விட்டுச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காரட்டும். கேட்கிறவர்களுக்குப் பொறுமை பெருகட்டும். செய்யாத தப்புக்கு உங்கள் வீட்டில் ஒருவர்கூட அழாதிருக்கட்டும்.