கிண்ணத்தின் முதுகில் ஒரு கம்பி

வானத்தைக் காது கொடுத்துக் கேட்கிற அந்தப் பெரிய இரும்புக் கிண்ணத்துக்கு கிரீஸ் வைப்பது என் வேலை. இருபத்தாறு வருஷம். என் மகள் அதே ஆய்வுக்கூடத்து மாடியில் ஆராய்ச்சிக்காரி. நான் ஐந்தாவது தாண்டாதவன்.

போன வருஷம் வேற ஏதோ சூரியன் பக்கத்திலிருந்து ஒரு கல் வந்தது. நம்ம சூரியனை எட்டிப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் கிளம்பிவிட்டது. ஊரெல்லாம் கல் என்றார்கள். என் மகள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பதினேழு நிமிஷத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு வெடிப்புச் சத்தம் கிண்ணத்தில் விழுகிறதாம்.

"அப்பா, அதுக்குள்ள யாரோ இருக்காங்க."

"இருந்துட்டுப் போகட்டும். பக்கத்து வீட்டுக்காரனே நம்மகிட்ட பேசுறதில்ல."

சிரித்தாள். மாப்பிள்ளை விட்டுப் போனபின் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லப் போகிற நாளுக்கு முந்தின மதியம், வழக்கம்போல சாப்பாட்டு டப்பாவோடு கீழே வந்தாள்.

"எல்லாம் சோதிச்சாச்சுப்பா. கிண்ணத்தை நிமிர்த்தினா சத்தம் இல்ல. அடிவானத்துல அது இருக்கிற பக்கம் குனிய வச்சா கேட்குது."

கையிலெடுத்த சோற்றைக் கீழே வைத்தேன்.

கிண்ணத்தின் முதுகில் கருவிகளை ஆற்றுவதற்கு ஒரு காற்றாடி உண்டு. சூடேறினால் தானாக ஓடும், ஆறினால் நிற்கும். அதன் கம்பி அறுந்தபோது நான் முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. முன்னால் ஒருதரம் பழுது என்று போய்ச் சொன்னதற்கு, நான்தான் உடைத்தேன் என்று எழுதி மெமோ கொடுத்தான் மேலதிகாரி. சொன்னவன் தலையில்தான் விடியும் அங்கே. கிண்ணம் ரொம்பக் குனிந்தால் அந்த முடிச்சு இழுபடும். காற்றாடி கிளம்பும்போது பொறி தட்டும்; சுவிட்சில் பொறி தட்டினால் ரேடியோவில் கரகரக்கிற மாதிரி, அது கிண்ணத்திலும் சத்தமாக விழும்.

"காற்றாடி எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் ஓடுது, பாத்தியா?" என்றேன்.

"அது எதுக்கு இப்போ?"

சொன்னேன். டப்பாவை மூடினாள். இரண்டு பேரும் போய் கிண்ணத்தைக் குனிய வைத்துவிட்டு நின்றோம். கடிகாரத்தைப் பார்த்தாள். பொறி தட்டியது. மறுபடி பதினேழு நிமிஷம் நின்றாள், பைத்தியக்காரி. மறுபடி தட்டியது.

"அப்போ அது வெறும் கல்தானா?" என்று கேட்டேன்.

"தெரியாதுப்பா. நிஜமாவே ஏதாவது வந்திருந்தாலும் உங்க பொறி அதை மூடியிருக்கும். இப்போ அது எட்டாத தூரம் போயிடுச்சு. இனி யாராலயும் சொல்ல முடியாது."

திட்டியிருந்தால் தேவலை. அறிக்கை எழுத ஒரு தாளை எடுத்தாள். "கம்பி எப்போ அறுந்துச்சு? தேதி சொல்லுங்க."

சொன்னேன். எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'ஊழியர் ஒருவர்' என்று இருந்தது.

"என் பேரைப் போடு."

"வேண்டாம்பா. மறுபடி மெமோ வரும்."

"வரட்டும். போடு."

போட்டாள். மாடிக்குப் போனாள். அதற்கப்புறம் அவள் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே வருவதில்லை.