சின்னத் துரை சொன்ன பதில்

...வாடிவிட்டது என்பதற்கு ஜெர்மனில் வெல்கன், அது சுலபம், பினாங்கில் ஜெர்மன்காரர் கடையில் கணக்கெழுதிய காலத்தில் முதலாளியம்மா தன் ரோஜாச்செடிகளைப் பார்த்து தினமும் புலம்பிய சொல், ஆனால் துரை சொன்ன இந்த ஸ்கார்ன், ஏளனம்... அதற்கு ஃபெராக்டுங் என்றால் காறித் துப்புகிற அளவுக்குப் போய்விடாதா, பெரிய துரை துப்பத்தான் நினைக்கிறாரா? "உன் பொறுப்பில் விட்ட கன்றுகள் வாடிக் கிடக்கின்றன, என் சொல்லை ஏளனம் செய்திருக்கிறாய் என்று இவனிடம் சொல், கிராணி" என்று ஆங்கிலத்தில் உறுமிவிட்டு அவர் காத்திருந்தார். கிள்ளான் தோட்டத்து வெயிலில், நாற்றுமேடையில் ரப்பர் கன்றுகள் தலை தொங்கி நின்றன. எதிரே ஹங்கேரியிலிருந்து உதவி மேனேஜராகப் புதிதாக வந்திருந்த சின்னத் துரை, ஆங்கிலம் அரைகுறை, ஜெர்மன் நன்றாக வரும், பக்கத்தில் அவன் மனைவி, அவளுக்கு அந்த ஜெர்மனும் வராது. நடுவில் மொழிபெயர்க்க நின்றவர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பாலசுந்தரம். இத்தனை வருடக் கிராணி வேலையில் துரை சொல்வதற்குக் கொஞ்சம் காரம் சேர்த்துக் கூலிகளிடம் இறக்குவார், கூலிகள் சொல்வதற்கு எண்ணெய் தடவித் துரையிடம் ஏற்றுவார், இன்று இரண்டு பக்கமும் வெள்ளைத் தோல், எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம்?

சொல்லிவிட்டார், ஃபெராக்டுங் என்றே சொல்லிவிட்டார். சின்னத் துரை மனைவியிடம் திரும்பி, ஹங்கேரிய பாஷையில் ஹெர்வாட் என்றான், அவள் கன்றுகளைப் பார்த்தாள், மெக்வெதேஷ் என்றான், அவள் முகம் சிவந்து பெரிய துரையைப் பார்த்தாள், அப்படியானால் அதுதான் ஏளனம்... பார்க்கட்டும், யாரை வேண்டுமானாலும் பார்க்கட்டும், இந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தால் சரி. தண்ணீர் ஊற்றும் பெண்களை லோரியில் ஏற்றித் தன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு அனுப்பியது யார்? மகள் இராசேஸ்வரியின் தாலிக்குப் பொன்னுருக்கும் நாள், மாப்பிள்ளை வீட்டுச் சனம் வருகிறது, மா இடிக்கவும் தண்ணீர் அள்ளவும் ஆள் வேண்டாமா, ரெண்டு நாளில் கன்று செத்தா போய்விடும் என்றுதான் நினைத்தார். ஆட்கள் எங்கே என்று சின்னத் துரை வந்து கேட்டபோது பெரிய துரை உத்தரவு என்று வாய் கூசாமல் சொன்னதும் அவர்தான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, மேய்ந்த வேலியே இப்போது சாட்சிக்கும் வாய்.

தண்ணீர் ஊற்றும் பெண்களில் ஒருத்தி, பின்னால் வாளியோடு நின்ற வீரம்மா, மெல்லக் கேட்டாள். "ஐயா, நாங்க ஒங்க வூட்டுல இருந்தத தொரைகிட்ட சொல்லிட்டீங்களா? பாவம், சின்ன தொரைய ஏசுறாரு."

"நீ பேசாம நில். நான் எல்லாம் சொல்லுறன்."

சின்னத் துரை பதில் சொன்னான், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, உங்கள் உத்தரவு என்று கிராணி சொன்னார், நான் நம்பினேன். கோபமே இல்லாத ஜெர்மன். அதை அப்படியே சொன்னால் வேலை போகும், கல்யாணம் நிற்கும், சொல்லாவிட்டால்...

"என்ன சொல்கிறான்?"

"கவனக்குறைவுதான், ஸாரி என்கிறார், சார்."

ஐயோ, ஸாரி என்பது அவனுக்குத் தெரியுமே, ஆனால் சின்னத் துரை தலையை ஆட்டினான், மரியாதைக்குக் கிராணி சேர்த்த சொல் என்று நினைத்தானோ. "மாதக் கடைசியில் கப்பல் ஏறச் சொல்" என்று பெரிய துரை காரில் ஏறிப் போனார். என்ன சொன்னார் என்று சின்னத் துரையின் கண் கேட்டது. யோசித்துச் சொல்கிறாராம் என்றார் பாலசுந்தரம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்கு ஏதாவது ஒரு சொல் கிடைக்காதா. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சு விடப் போனவர், போனது இன்னொருவன் தலை என்பதும் கூடவே நினைவுக்கு வர, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சின்னத் துரை கையை நீட்டினான். எனக்காகப் பேசினாயே, நன்றி என்றான். எந்த வெள்ளைக்காரனும் தொட்டிராத பாலசுந்தரத்தின் கை, வேர்வையில் நனைந்திருந்தது, அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மனைவியிடம் தன் பாஷையில் ஏதோ சொன்னான். அந்த ஏளனச் சொல்லை, மெக்வெதேஷ் என்று, சொல்லியிருக்கக்கூடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார் பாலசுந்தரம். அது இல்லை. அவள் அவரைப் பார்த்துச் சிரித்து, தலை குனிந்து வணங்கினாள்.