வாசலோடு நின்ற சிவமலர்

முழங்கால் நோவுக்கும் ஒரு நேர்மை வேண்டாமா என்று தியாகராசா யோசித்தார். சீனப் பெருஞ்சுவரின் படிகளில் அவருக்கு முன்னால் ஏறிப்போன மனைவி சிவமலரின் கால், ஹாங்சோவில் மேற்கு ஏரியைச் சுற்றி இரண்டு மணித்தியாலம் நடந்த கால், கோயில் வாசலைக் கண்டதும் மட்டும் எப்படி நோகும்?

சீனாவிலிருந்து மொன்ட்ரியாலுக்குத் திரும்பி இரண்டு நாள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டு வரவேற்பறையில், கமராவைத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பயணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு நாள் சுற்றுலாவில் ஆயிரத்து நூறு படம். அதில் நல்லதாக நாற்பதைத் தெரிந்தெடுத்து, சொந்த ஊர் சுன்னாகத்தில் இருக்கும் அண்ணன் ஞானேந்திரனுக்கு அனுப்பவேண்டும்.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். ஆனி மாதம் கதைத்தபோது, "ஒருக்கா வந்து என்னைப் பாத்திட்டுப் போவன்ரா" என்று கேட்டார். அப்போது சீனப் பயணம் முடிவாகிவிட்டது. "மார்கழியில கட்டாயம் வாறன் அண்ணை" என்று தியாகராசா சமாளித்துவிட்டார். சமாளித்தாரே தவிர, அந்தச் சொல் அவரைப் பயணம் முழுக்கக் குத்திக்கொண்டே வந்தது. அதனால்தான் கண்ட கோயிலில் எல்லாம் அண்ணனுக்காக ஊதுபத்தி கொளுத்தினார். உள்ளே இருப்பது புத்தரா, வேறு யாராவதா என்று அவர் விசாரிக்கவில்லை. இதை அண்ணனுக்குத் தன் வாயால் சொல்லவேண்டும் என்பதுதான் விமானம் இறங்கியதிலிருந்து அவருடைய ஒரே ஆசை.

ஆனால் கையில் போன் இல்லை. சீனாவில் அது வேலை செய்யவேயில்லை. மகன் பிரணவன் தாயின் போனுக்கு மட்டும் ஏதோ ஒழுங்கு செய்து விட்டிருந்தான். திரும்பி வந்தால், விமான நிலையத்திலேயே, "அப்பா, சீனா போய் வந்த போன், உள்ள என்னென்ன ஏறியிருக்கோ தெரியாது, துப்புரவாக்கித் தாறன்" என்று பறித்துக்கொண்டு போய்விட்டான். மனைவியின் போனைக் கேட்டால், சார்ஜ் இல்லை, அங்கே இப்போது நடுச்சாமம், பெரியத்தான் (அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) நித்திரையாயிருப்பார் என்று சிவமலர் ஆயிரம் சாட்டுச் சொன்னாள். ஒன்றோடொன்று ஒத்துவராத பேச்சு எல்லாம் இந்த வீட்டில் இப்போது நடக்கிறது என்று அவருக்குப் பட்டது.

படங்களை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். பெய்ஜிங்கில் லாமா கோயில்: சிவமலர் புகைக்கு நடுவே கைகூப்பி நிற்கிறாள். சரி. சியானில் காட்டுவாத்துக் கோபுரம்: வெளியே கல் வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். ஹாங்சோவில் மலையடிவாரக் கோயில்: மதிலுக்கு வெளியே மரத்தின் கீழ். ஷாங்காயில் பச்சைக்கல் புத்தர் கோயில்: வாசலோடு நிற்கிறாள். அங்கே அவர் அவள் கையைப் பிடித்து இழுத்ததும், அவள் உதறிய உதறலில் வழிகாட்டிப் பெண்ணே திரும்பிப் பார்த்ததும் நினைவுக்கு வந்தன.

பூங்காப் படங்களில் கால் நன்றாகத்தான் இருக்கிறது. குளக்கரையில் நடக்கிறாள், வளைந்த பாலத்தில் ஏறுகிறாள். அப்படியானால் கோபமா? என்ன கோபம்? கீழ்வீட்டுப் பிலோமினம்மாவோடு மாதாகோயில் திருநாளுக்குப் போய் வந்தாளே, கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டாளோ என்றுகூட ஒரு கணம் மனம் தாறுமாறாக ஓடியது. பிலோமினம்மா அப்படிச் செய்கிற ஆளில்லை. அந்த அப்பாவி மனுஷியை வீணாக இழுத்ததற்காகத் தன்னையே ஏசிக்கொண்டார்.

"மலர், வெளிக்கிடும். கோயிலுக்குப் போயிட்டு, அப்பிடியே ஜான்-டலோன் சந்தையிலயும் மரக்கறி வாங்குவம்."

"இண்டைக்கு ஏலாது. பின்னேரம் பிரணவன் வாறான்." குசினிக்குள், அடுப்படியில் இருந்து குரல் மட்டும் வந்தது.

"பின்னேரம் வாறவனுக்கு இப்பவே ஏன் காத்திருக்கிறீர்?"

தியாகராசா எழுந்து சாமியறைப் பக்கம் போனார். திரை இழுத்து மூடியிருந்தது. விளக்கு வெள்ளிக்கிழமையும் கொளுத்தவில்லை, நேற்றும் இல்லை. களைப்பு என்றுதான் நினைத்திருந்தார். திரைக்கு முன்னால் நிற்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பெய்ஜிங்கில் வாத்திறைச்சியை ரசித்துச் சாப்பிட்டவள், சியானிலிருந்து சோறும் கீரையுமாகத்தான் சாப்பிட்டாள்.

கோயிலில்லை. விளக்கில்லை. மச்சமில்லை.

குசினி வாசலுக்கு வந்து கேட்டார். "மலர், எங்களுக்கு ஏதும் செத்தவீட்டுத் துடக்கோ?"

சிவமலர் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். திரும்பவில்லை.

"பாரிசுச் சித்தப்பாவோ?"

தொண்ணூறு வயதுச் சித்தப்பா அவசரம் அவசரமாக அவர் வாயில் வந்தார். சித்தப்பாவாக இருக்கட்டும் என்று அந்த நொடியில் அவர் மனதார வேண்டினார். அதற்காக வெட்கப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. சிவமலர் இல்லை என்று தலையாட்டினாள்.

"பெரியத்தான் மோசம் போயிட்டாரப்பா," என்றாள். "நாங்கள் சியானில இறங்கின அண்டைக்கு. நித்திரையில போனதாம். அடுத்த நாளே எடுத்திட்டினம். எந்தப் பிளேனைப் பிடிச்சும் போய்ச் சேந்திருக்கேலாது. உங்கட இருதயத்துக்குள்ள டொக்டர் வச்ச ரெண்டு கம்பி கிடக்கு. பாஷை தெரியாத ஊரில உங்களுக்கும் ஏதும் நடந்தா நான் என்ன செய்யிறது? பிரணவனும் சொல்லாதேங்கோ எண்டிட்டான். இண்டைக்கு அவன் வந்தாப் பிறகு ரெண்டு பேருமாச் சொல்லுவம் எண்டு இருந்தனாங்கள்."

தியாகராசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அழவேண்டும் என்று தெரிந்தது. ஆனால் மூளை எங்கேயோ கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றது. சியானுக்குப் பிறகு எத்தனை கோயில்? எத்தனை பத்தி?

"துடக்கோட என்னைக் கோயிலுக்குள்ள விட்டிட்டீரே," என்றார். சொன்ன பிறகுதான், செத்த அண்ணனைப் பற்றித் தன் முதல் வார்த்தை இதுவா என்று உறைத்தது.

"தெரியாமப் போறவருக்குத் துடக்கில்லை. கேள்விப்பட்ட எனக்குத்தான். அந்தப் புத்தர் துடக்குப் பாப்பாரோ எண்டும் எனக்கு விளங்கேல்லை. ஏன் வில்லங்கம் எண்டு வெளியில நிண்டிட்டன்."

"இல்லாத மனுஷனுக்குச் சுகம் கேட்டுக் கும்பிட்டிருக்கிறன். நீர் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறீர்."

"பாக்கேல்லை," என்றாள். "ஒரே அறை, ஒரே பஸ், எந்நேரமும் நீங்கள் பக்கத்தில. எங்க வச்சு நான் அழுறது? நீங்கள் உள்ள போற அரை மணித்தியாலந்தான் எனக்குக் கிடைச்சது. எனக்கும் அவர் அண்ணன் மாதிரித்தானே. நீங்கள் முதல் கனடாவுக்கு வந்திட்டியள். நானும் கைக்குழந்தையுமா நாலு வருஷம் அவற்ற வீட்டிலதானே இருந்தனாங்கள்."

அவருக்கு யார்மேல் கோபிப்பது என்று தெரியவில்லை. அவளைக் கட்டிப்பிடிப்பதா, கத்துவதா என்றும் தெரியவில்லை. வரவேற்பறைத் திரையில் ஷாங்காய்ப் படம் அப்படியே நின்றது. அதில் தியாகராசா கட்டைவிரலை உயர்த்திப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். அண்ணன் போய் ஏழாம் நாள். அந்தச் சிரிப்பை அவரால் பார்க்க முடியவில்லை.

"உம்மட போனைத் தாரும்," என்றார்.

இந்த முறை சாட்டுச் சொல்லாமல் கொடுத்தாள். சுன்னாகத்தில் அண்ணனின் மனைவி இந்திராதேவி இரண்டாவது மணிக்கே எடுத்தார்.

"அண்ணி..."

"தம்பியே? சொல்லிட்டாவோ மலர்?"

"ஓம் அண்ணி. இப்பத்தான்." கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "நான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வாறன் அண்ணி. நாளைக்கே டிக்கெட் எடுக்கிறன்."

எவ்வளவு லேசாக வந்துவிட்டது அந்தச் சொல்! அண்ணன் உயிரோடு கேட்டபோது வராத சொல்.

"வாங்கோ தம்பி." இந்திராதேவியின் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். "நீங்கள் கோயில் கோயிலாக் கும்பிட்டதை மலர் சொன்னவ. இவரும் கடைசி நாள் உங்களைப் பற்றித்தான் கதைச்சவர். வேறயொண்டும் கேக்கேல்லை. மார்கழிக்கு இன்னும் எத்தினை நாள் கிடக்கு எண்டு மட்டும் ரெண்டு தரம் கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கிட்டத்தான் எண்டு சொன்னனான்."

தியாகராசா போனைக் காதிலிருந்து எடுக்காமலே இடக்கை விரலை மடக்கினார். ஐப்பசி. கார்த்திகை. மூன்றாவது விரலை மடக்குமுன் அழுகை வந்துவிட்டது. சிவமலர் அவர் கையிலிருந்து போனை வாங்கி, "பேந்து எடுக்கிறம் அக்கா" என்றாள்.