மூன்று டம்ளர் பாலும் ஒரு குழாய் எச்சிலும்

தொண்ணூற்றைந்தைத் தாண்டியும் தன் காலில் நடமாடுகிறவர்களைத் தேடிப்பிடித்து எச்சில் வாங்குவதுதான் அந்த ஆராய்ச்சி மாணவனின் பிழைப்பு. அவர்களை இழுத்துப் பிடித்திருப்பது மரபணுவா, வாழ்க்கைமுறையா என்று கண்டுபிடிக்க வேண்டும். மகன் பெரிய படிப்புப் படிக்கிறான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்த அம்மா, விவரம் தெரிந்த பிறகு "மருத்துவத் துறை" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

முன்பின் தெரியாதவன் எதிரே துப்பப் பெரியவர்கள் கூச்சப்பட்டார்கள். அதற்கு அவன் ஓர் உத்தி கண்டுபிடித்தான்: முதலில் தானே ஒரு குழாயில் துப்பிக் காட்டுவது. அவன் வாழ்நாளில் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். பிறகு தன் குழாயைக் குப்பையில் போட்டுவிட்டு, அவர்கள் குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டுவான்.

நாற்பது வருடம் ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டி ஓய்வுபெற்ற தொண்ணூற்றெட்டு வயதுக்காரரின் முடிவு வந்தபோது, பேராசிரியை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இதயத்துக்கு இவ்வளவு மோசமான மரபணுவை நான் பார்த்ததே இல்லைப்பா! இதை வெச்சுக்கிட்டு ஒருத்தர் இத்தனை வருஷம் இருக்கார்னா, முழுக்க வாழ்க்கைமுறைதான். நாளைக்கு என் உரையே இவரைப் பத்திதான். உன் வேலையையும் நீட்டிக்கச் சொல்லி எழுதிடறேன்."

"எல்லாம் நீங்க குடுத்த பயிற்சி மேடம்" என்று நெளிந்தான்.

முடிவின் நகல் லிஃப்ட்காரரின் வீட்டுக்கு மூன்று நாள் முன்பே நேராகப் போயிருந்தது. சற்று நேரத்தில் அவருடைய மகள் போன் செய்தார். அவருக்கே எழுபத்திரண்டு வயது.

"ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை தம்பி. பால், வெண்ணெய், மத்தியானத் தூக்கம் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். மூணு நாளா உப்பில்லாம வேகவெச்ச சுரைக்காய்தான். அப்பா என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்லை."

"நல்லதும்மா. அவருக்குப் பால் செரிக்காதுன்னு அதுலயே போட்டிருக்கே."

"அதெப்படி? தினம் மூணு டம்ளர் குடிச்ச மனுஷன். ஒரு ஏப்பம்கூட விட்டதில்லையே!"

ஒரு கரண்டி பால் உள்ளே போனாலும் கழிவறையில் குடியேறிவிடுகிற ஆள் யார் என்று மாணவன் யோசித்தான். அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. இந்த ரகசியம் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். அவன் இதயமும் நெடுநாள் தாங்காது என்று ரிப்போர்ட்டே சொல்கிறது. ஆனால் தான் செய்த தப்புக்கு ஒரு மனிதர் உப்பில்லாமல் சுரைக்காய் தின்கிறார் என்ற நினைப்பு குடைந்தது. பேராசிரியையிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப, உன் எச்சிலை நம்பி நான் மேடை ஏறப் பார்த்திருக்கேன். நாலு மணிக்குள்ள அவர் எச்சில் இந்த மேஜைக்கு வரணும். வரலைன்னா நீயும் வராதே."

லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஐயா, இன்னொரு தடவை துப்பணும்..."

"வாயில ஈரம் இருந்தாத்தானே? முதல்ல பால் வரட்டும்."

"ரிப்போர்ட் அப்படி இருக்கறப்போ எப்படிப்பா குடுப்பேன்?" என்றார் மகள்.

"அது ஐயாவோடது இல்லைம்மா. குழாய் மாறிப்போச்சு."

"அப்ப யாரோடது?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன்."

லிஃப்ட்காரர் மெல்லத் திரும்பினார். "என்கூட உக்காந்து துப்பினது நீ ஒருத்தன்தானேடா!"

"அட பாவமே, இந்த வயசுலயா?" என்று மகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

பால் வந்தது. மூன்று நாள் ஏக்கம் தீர, மூன்று டம்ளரையும் ஒரே மூச்சில் இறக்கினார். எது உள்ளே போனாலும் எச்சில் எடுக்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. மணி மூன்று. லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் ஒரு தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். "சும்மாதானே உக்காந்திருக்கே தம்பி. உப்பு போடலை. உன் இதயத்துக்கு நல்லது."

சுரைக்காய் தண்ணீரில் மிதந்தது. அவன் ஒரு துண்டை வாயில் போட்டு, மெல்லாமல் வைத்துக்கொண்டான்.

கட்டிலிலிருந்து குரல் மட்டும் வந்தது. "முழுசா தின்னு. அப்பத்தான் துப்புவேன்."