எண்பத்திரண்டு டிகிரியில் நின்ற லோரி

…ஆனாலும் இந்தச் செயற்கைக்கோளுக்கு என்ன கண், அப்பப்பா, லட்சம் மைலோ கோடி மைலோ, அவ்வளவு உயரத்தில் தொங்கிக்கொண்டு, இந்த மத்தியான மழையில், மேகம் கம்பளி மாதிரி மூடியிருக்கும் தாப்பா மலைப்பாதையில் ஒரு லோரி ஊர்வதைப் பார்க்கிறதே, விட்டால் டிரைவர் தலையில் எத்தனை பேன் என்றுகூட எண்ணிச் சொல்லும், சிங்காரம் போனைக் கண்ணருகே கொண்டுபோனார், அதோ பச்சைப் புள்ளி, அதுதான் அன்பரசி, அவர் பெற்ற மகள், கோலா தெர்லா தோட்டத்துச் சாலாட் கீரை இரண்டு டன் ஏற்றிய குளிர்பெட்டி லோரியைத் தனியாக ஓட்டும் முதல் நாள், நாலு மணிக்குள் தாப்பா கிடங்கில் சேர்த்துவிட்டால் இந்த ரூட்டு அவளுக்கே நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு… ரிங்லெட் டவுனைத் தாண்டினால் போனுக்கு உயிர் போய்விடும், லோரிக் கூரையில் சவர்க்காரக் கட்டி அளவுக்கு ஒட்டியிருக்கும் அந்தப் பெட்டி மட்டும் டவரே இல்லாத காட்டிலும் வானத்தோடு கதை பேசிக்கொண்டே போகிறது, முப்பத்தொரு வருஷம் இதே பாதையில் எஸ்டேட் தேயிலை லோரி ஓட்டினோமே, நம்மை எந்த நட்சத்திரம் எட்டிப் பார்த்தது? “மூணு மணி நேரமா அந்தப் போனையே மொறைக்கிறீங்களே, நீங்க பாக்கலன்னா லோரி ஓடாதா?” அடுப்படியிலிருந்து மனைவி சரோஜா. ஓடாது, பார்வையிலேதானே நான் ஸ்டேரிங் பிடிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

புள்ளி நின்றுவிட்டது.

எங்கே? பெரிதாக்கிப் பார்த்தார், அட, முனியாண்டி வளைவு, காலையில் அவர்தானே சொல்லி அனுப்பினார், பாப்பா, மொத நாளு, முனியாண்டிக்கு மூணு சுருட்டு கொளுத்தி வச்சிட்டு எறங்கு, ரெண்டே நிமிஷம்தான் என்று… மலையிறங்கும் டிரைவர் எவனும் அந்த வளைவில் நிற்காமல் போனதில்லை, சிங்காரமும் நின்றார், மூன்று சுருட்டு முனியாண்டிக்கு, நாலாவது தனக்கு, அப்புறம் அருவிச் சத்தத்தில் முக்கால் மணி நேரத் தூக்கம், மலையே புரண்டாலும் எழாத தூக்கம், திரும்பி வந்ததும் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் நாகரத்தினம் கிராணியிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு “என்ஜின் சூடாயிருச்சுங்கய்யா”, கிராணியும் தலை நிமிராமல் புத்தகத்தில் அதையே எழுதிக்கொள்வார், உலகத்திலேயே ஒரே வளைவில் முப்பத்தொரு வருஷம் சூடான என்ஜின் சிங்காரத்தினுடையதுதான்… சரி, ஆனால் பத்து நிமிஷம் ஆகிவிட்டதே, பதினைந்து, மழை வேறு இப்படிக் கொட்டுகிறது, அந்த வளைவுக்கு மேலேதானே போன மாசம் மண் சரிந்தது, கூப்பிட்டார், எடுக்கவில்லை, எப்படி எடுப்பாள், டவர் இல்லை… இவ்வளவு பார்க்கிற கண் லோரிக்குள்ளே இருக்கிற பிள்ளையைப் பார்க்காதா? இருபத்தொரு வயசுதானே. நாம்தானே நிற்கச் சொன்னோம்.

போன் அலறியது, லோரி ஆபீசில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் லோகேஸ்வரன். “அண்ணே, ஒங்க மக ஏன் நிக்குது? இருவது நிமிஷம் தாண்டுனா இங்க மணி அடிக்குது லா. மொத நாளே பேரு கெட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது.” சிங்காரம் யோசிக்கவேயில்லை, வாய் தானாகத் திறந்தது, “என்ஜின் சூடாயிருக்கும் லோகேசு.” அந்தப் பக்கம் சிரிப்பு. “என்ஜின் சூடு இங்க எழுதியிருக்குண்ணே. எம்பத்தி ரெண்டு டிகிரி. கொழந்த மாதிரி இருக்கு. கீரை நாலு டிகிரி, அதுவும் சொகமா இருக்கு.” ஆகா, என்ஜினுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று வானத்திலிருந்தே தொட்டுப் பார்க்கிறானே பாவி, என்ன மூளை, இது அன்றைக்கே இருந்திருந்தால் சிங்காரம் இரண்டாம் நாளே வேலை போய் முட்டைக்கோசு வெட்டியிருப்பார்… வேறு வழியில்லை, சொன்னார், “நான்தாண்டா நிக்கச் சொன்னேன், முனியாண்டிக்கு. என் தப்பு, அவமேல எழுதாத.” அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம். “இங்க காரணம்னு நாலே நாலுதாண்ணே இருக்கு, டயர், என்ஜின், மழை, மண்சரிவு. முனியாண்டி இல்ல.” பிறகு, “மழைன்னு போட்டுட்டேன். நகருதுண்ணே, பாருங்க!”

நகர்ந்தது, ஐயோ அந்தப் புள்ளி நகர்ந்த அழகைப் பார்க்க வேண்டுமே, தேர் அசைந்த மாதிரி, வளைவு வளைவாக இறங்கி, மூன்று ஐம்பத்திரண்டுக்குத் தாப்பா, உடனே அவளே கூப்பிட்டாள், “ப்பா, வந்துட்டேன். வழியில என்ஜின் கொஞ்சம் சூடாயிருச்சு, அதான் நின்னுட்டேன்.” எண்பத்திரண்டு, நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எண்பத்திரண்டு. பயந்தாளோ, அழுதாளோ, மழையில் சும்மா உட்கார்ந்திருந்தாளோ, அதை எந்தக் கோள் சொல்லும்? “அந்த எடத்துல சூடாகும்மா, எனக்குத் தெரியும்” என்றார், அவள் சிரித்தது போலிருந்தது, வைத்துவிட்டாள்… அப்போதுதான், எதற்கு இப்போது இது, நாகரத்தினம் கிராணியின் ஞாபகம், சுருட்டு வாடையே ஆகாத மனுஷன், தீபாவளிக்குத் தீபாவளி ஒரு காகிதப் பொட்டலம் கொடுப்பாரே, வழியில தேவப்படும் வச்சிக்க என்று, அதற்குள் சுருட்டு இருக்குமே, மூன்று இல்லை, எப்போதும் நாலு…