மிச்ச ஸ்பாஞ்சு

அறைகளைப் பார்வையிட வந்த அதிகாரி அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சன்னலுக்குத்தான் போனாள். கம்பியை ஆட்டிப் பார்த்தாள், கொக்கியை மாட்டிப் பார்த்தாள். பாப்பாக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். ஊரார் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். பிள்ளைகள் தூங்கும் அறையில் சன்னல் இல்லையென்றால் அனுமதி கிடையாது, அனுமதி இல்லையென்றால் வேலையே கிடையாது. பிளக்குகளுக்கு மூடி, அலமாரியைச் சுவரோடு பிடிக்க ஆணி, கூரான விளிம்புகளுக்கெல்லாம் ஸ்பாஞ்சு என்று ஒரு மாதமாக அவள் முட்டி போட்டுத் தவழாத இடமில்லை. பிள்ளை கண்ணில் எது படும் என்று தவழ்ந்துதானே பார்க்க வேண்டும்! "இன்னும் ரெண்டு பல்லு விழுந்தா நீயே சேந்துக்கலாம்" என்று கணவன் கேலி செய்தான்.

பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "காத்து நல்லா வருது" என்றாள் அதிகாரி. பாப்பாக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குள் அதிகாரி சமையலறையை ஒட்டிய சின்ன அறையைத் திறந்துவிட்டாள். தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைத்த அறை, சன்னல் கிடையாது. இப்போது அங்கே ஒரு கட்டிலும் பள்ளிப் புத்தகங்களும் இருந்தன.

"பிள்ளைங்க இங்க தூங்குறாங்களா?"

"ஐயோ, இல்லீங்க. இது எங்க பொண்ணுக்கு. ஏழாவது படிக்கிறா."

"உங்க பொண்ணா? அப்பச் சரி, அது எங்க கணக்குல வராது." திரும்பியவள் கட்டில் தலைமாட்டைப் பார்த்து நின்றாள். "பரவாயில்லையே, இங்ககூட மறக்காம ஒட்டியிருக்கீங்க."

தலைமாட்டுக்கு மேலிருந்த சுவர்ப்பலகையின் விளிம்பில் மிச்சம் மீதி ஸ்பாஞ்சுத் துண்டுகள். பசை போதாமல் தலைமுடி ரிப்பனால் சுற்றிக் கட்டியிருந்தது. பாப்பாக்கா அதை ஒட்டவில்லை. இதுவரை பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் வாய் கூசாமல், "ஆமாங்க" என்றாள்.

சன்னல் அறை முன்பு மகளுடையதாக இருந்தது. கேட்டபோது முகம் கோணாமல் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனாள். தங்கமான பெண் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாயிற்று. அந்தத் தங்கம் எங்கே எப்படிப் படுக்கிறது என்றுதான் எட்டிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த மகளின் நெற்றி முடியை ஒதுக்கினாள். ஓரத்தில் சின்னத் தழும்பு.

"தூங்கி எந்திரிக்கும்போது இடிச்சுது. அது அப்பவே ஆறிடுச்சும்மா."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ பாப்பா ரூம்ல ஸ்பாஞ்சு வெட்டிக்கிட்டு இருந்த." மகள் பையை இறக்கினாள். "அவங்க வந்தாங்களா? சரின்னு சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க."

"அப்பாடா!" மகள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அதைத்தான் பாப்பாக்காவால் தாங்க முடியவில்லை.

மகள் முகம் கழுவப் போனதும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். புழுக்கத்தில் கழுத்தெல்லாம் வேர்த்தது. பக்கத்து அறையில் ஏதோ ஒரு குழந்தை சிணுங்க, பழக்கதோஷத்தில் சட்டென்று எழுந்தாள். பலகையில் மண்டை மோதியது.

கொஞ்சம்கூட வலிக்கவில்லை. முடிச்சு நெகிழ்ந்து ரிப்பன் மட்டும் அவள் தோளில் விழுந்தது.